காளிகாட்டுப் பானையும் பொழுதுபோக்குப் புதையல் வேட்டையும்

மெட்டல் டிடெக்டர் கருவியை இன்று எவரும் இணையத்தில் வாங்கிவிடலாம். விடுமுறை நாளில் ஆற்றங்கரையிலும் பழைய மேடுகளிலும் பொன்னும் காசும் தேடி அலைவதை உடலுக்கும் அறிவுக்கும் உகந்த பொழுதுபோக்காகப் பரிந்துரைப்போர் உள்ளனர். வரலாற்றில் நாட்டமுள்ள மாணவரை இந்த ஆசை ஈர்ப்பது இயல்பே. ஆனால் தேடிச் செல்பவர் எதைப் புதையல் என்று கருதுகிறார் என்பதே முதற்கேள்வி. அதைக் கேட்காமல் விட்டால் நேரும் இழப்பைக் கொல்கத்தாவின் வரலாறே காட்டுகிறது.

1783இல் காளிகாட்டில் ஒரு பித்தளைப் பானை கிடைத்தது. அதில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பொற்காசுகள் இருந்தன. அவை வாரன் ஹேஸ்டிங்ஸின் கைக்கு வந்தன. அவர் 172 காசுகளை லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களுக்கு அனுப்பினார். ஒரு பகுதி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் வேறு சில சேகரிப்புகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. எஞ்சியவை உருக்கப்பட்டிருக்கும் என்றே நாணயவியலாளர் கருதுகின்றனர். அவை பிற்காலக் குப்தர் காசுகள். குப்தர் என்றொரு மரபு இருந்ததே அன்றைய ஐரோப்பிய அறிஞருக்குத் தெரியாது. ஏசியாட்டிக் சொசைட்டி கொல்கத்தாவில் தோன்றியது 1784இல். அந்நகரின் நாணயச்சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் அசோகர் கால பிராமி எழுத்தைப் படித்து முடித்தது 1837இல். காசுகளைப் படிக்கத்தக்க அறிவு வளருமுன்னரே காசுக்குவியல் சிதறிவிட்டது.

இங்கு இழக்கப்பட்டது பொன் மட்டுமன்று. ஒரே பானையில் எந்த அரசனின் காசு எத்தனை இருந்தது, எவை தேய்ந்திருந்தன, எவை புதியவை என்பவற்றைக் கொண்டுதான் பானை புதைக்கப்பட்ட காலத்தைக் கணிக்க முடியும். பானை கிடந்த ஆழமும் சுற்றிலும் கிடந்த ஓடுகளும் அங்கு வாழ்ந்தோரைப் பற்றிப் பேசியிருக்கும். குவியல் பிரிந்ததும் அந்தச் சான்று அழிந்தது. இன்று அருங்காட்சியகப் பேழையிலுள்ள ஒவ்வொரு காசும் அழகானதுதான். ஆனால் உடன்கிடந்தவற்றைப் பற்றி அதனால் ஒன்றும் சொல்ல இயலாது.

இது பழங்கதையும் அன்று. கொல்கத்தாவுக்கு வடகிழக்கே, வடக்கு 24 பர்கானா மாவட்டத்தில் பேராசம்பாவை ஒட்டியுள்ள சந்திரகேதுகரில், கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஆசுதோஷ் அருங்காட்சியகம் 1950களிலும் 1960களிலும் அகழாய்வு நடத்தியது. ஆயினும் அவ்வூர்ச் சுடுமண் சிற்பங்களுள் மிகுதியானவை முறையான அகழாய்வில் கிடைத்தவை அல்ல. வயலிலும் குளத்திலும் தோண்டி எடுக்கப்பட்டு, சந்தை வழியாக உலகெங்கும் பரவியவை அவை. அவற்றின் காலத்தைக் கணிக்க மண்ணடுக்கின் துணை இல்லை. பாணியை மட்டுமே நம்ப வேண்டியுள்ளது.

சட்டமும் இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அரசு அப்புதையலைக் கையகப்படுத்த விரும்பினால், பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும். அதாவது சட்டமும் புதையலைத் தராசில்தான் நிறுத்துப் பார்க்கிறது. உருக்கியவர் கண்ட மதிப்பும் இதுவே. தண்டனைக்கு அஞ்சும் ஏழை உழவர், கிடைத்ததை ஆட்சியரிடம் கொண்டுசெல்வதைவிடப் பொற்கொல்லரிடம் கொண்டுசெல்வதே எளிது என்று எண்ணினால் அவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை.

இங்கிலாந்தில் பொழுதுபோக்குத் தேடுவோரால் வரலாறு வளர்ந்திருக்கிறதே என்று சிலர் கேட்பர். உண்மைதான். ஆனால் அங்கே கருவிக்குப் பின்னால் ஓர் அமைப்பு இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டமும், 1997இல் தொடங்கிய தொல்பொருள் பதிவுத் திட்டமும், கிடைத்ததை வாங்கிப் பார்த்து, இடத்தைக் குறித்து, பொதுத் தரவாக்கும் அலுவலர்களும் உள்ளனர். அந்த அமைப்பை விடுத்துக் கருவியை மட்டும் இறக்குமதி செய்வது சந்திரகேதுகரின் இழப்பைப் பெருக்குவதாகும்.

கண்டெடுத்தவர் ஒப்படைத்தால் என்ன மிஞ்சும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது ஒரு செம்பில் 505 பொற்காசுகள் கிடைத்தன, எடை 1.716 கிலோ. அவை எண்ணப்பட்டு, எடையிடப்பட்டு, அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. காளிகாட்டுக்கு வாய்க்காதது இதுவே: குவியல் குவியலாகவே நின்றது.

ஆகவே மாணவரின் ஆர்வத்தை அடக்குவது தீர்வன்று; அதற்கு வழியமைப்பதே தேவை. பல்கலைக்கழகத் தொல்லியல் துறைகள் விடுமுறைதோறும் மேற்பரப்பாய்வுக்குத் தன்னார்வலரை அழைக்கலாம். தோண்டாமல், கண்டதைக் கண்ட இடத்திலேயே படமெடுத்துக் குறிப்பெழுதப் பயிற்சி தரலாம். மாவட்டந்தோறும் ஒரு தொல்லியல் அலுவலரை அமர்த்தி, ஒப்படைப்பவருக்கு உலோக விலையை அன்றி வரலாற்று மதிப்பைக் கருதி வெகுமதி வழங்குமாறு 1878ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தலாம். அதுவரை மண்ணில் ஒரு காசைக் காணும் மாணவர் எடுக்க வேண்டியது மண்வெட்டியை அன்று, குறிப்பேட்டை.