புது வீடு, பழைய அக்கம்பக்கம்

புதிய வீட்டுக்குச் சாவி வாங்கும்போது நமக்கு ஆயிரம் யோசனை. தரைக்கு என்ன ஓடு போடுவது, சாமி மேடைக்கு எந்த மூலை, எம்ஆர்டி நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை, அலமாரிக்கு எந்தக் குத்தகையாளர். பக்கத்து வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்பது அந்தப் பட்டியலில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆனால் நம்மோடு வரும் அம்மாவுக்கோ பாட்டிக்கோ அதுதான் முதல் கேள்வி. பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப்போவது அவர்தானே!

சிங்கப்பூரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வீவக வீடுகளில் வசிக்கிறோம். அவற்றில் பல இப்போது அறுபதை நெருங்கும் வயதில் இருக்கின்றன. பழைய பேட்டைகள் இடிக்கப்படுவதும், குடும்பங்கள் இடம் மாறுவதும் இனி அடிக்கடி நடக்கும். கட்டடத்தை மாற்றுவதற்குத் திட்டம் இருக்கிறது. அக்கம்பக்கத்தைக் கூடவே கொண்டுபோவது எப்படி என்பதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு குவீன்ஸ்டவுன். நமது முதல் துணைநகரம் அது. 1953ல் இரண்டாம் எலிசபெத் அரசியார் முடிசூடியதை ஒட்டி அந்தப் பெயர் வந்தது. 1960ல் அமைக்கப்பட்ட வீவக, தனது முதல் புளோக்குகளை அதே ஆண்டு அங்குள்ள ஸ்டெர்லிங் சாலையில் கட்டி முடித்தது. 1964ல் வீட்டை வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக வாங்கலாம் என்ற திட்டம் வந்தபோது, முதலில் விற்பனைக்கு வந்ததும் குவீன்ஸ்டவுன் வீடுகள்தாம். காமன்வெல்த் டிரைவில் இருந்த ஏழு பத்துமாடி புளோக்குகள் நமது முதல் ஒரு வெள்ளி நோட்டிலேயே இடம்பிடித்தன. அத்தனை பெருமை கொண்ட அந்தப் புளோக்குகளும் 2008ல் மறுமேம்பாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. பிறகு 2014ல் பக்கத்திலேயே தங்ளின் ஹால்ட் வட்டாரத்தில் 31 புளோக்குகளுக்கு அதே அறிவிப்பு வந்தது. அங்கிருந்தவர்களுக்கு மாற்று வீடுகள் அருகிலுள்ள டாசன் வட்டாரத்தில் கிடைத்தன.

சேர்ஸ் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் இந்தத் திட்டம் 1995ல் தொடங்கியது. பழைய வீட்டுக்குச் சந்தை விலை, புதிய வீட்டுக்கு மீண்டும் 99 ஆண்டுக் குத்தகை, பழைய அண்டை வீட்டாருடன் சேர்ந்து வீடு தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எனப் பல வசதிகள் அதில் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதிர்ஷ்டம் என்பார்கள். உள்ளே இருப்பவர்களின் கணக்கு வேறு. 2022ல் அங் மோ கியோ அவென்யூ 3ல் நான்கு புளோக்குகளுக்கு அறிவிப்பு வந்தபோது, புதிய வீட்டுக்குக் கையிலிருந்து கூடுதல் பணம் போட வேண்டுமா என்று மூத்தவர்கள் பலர் கலங்கினார்கள். அதன் பிறகு 50 ஆண்டுக் குத்தகையில் மாற்று வீடு வாங்கும் வழியையும் வீவக சேர்த்தது. பணக் கவலைக்கு ஒரு வழி பிறந்தது. இன்னொரு கவலைக்கு எந்தப் படிவமும் கிடையாது. அது பேச்சுத்துணை.

நம் தமிழ்க் குடும்பங்களில் இது கொஞ்சம் ஆழமாகவே தைக்கும். 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, ஒரு புளோக்கில் இந்தியர்களும் பிற இனத்தவர்களும் சேர்ந்து 15 விழுக்காடு வரை இருக்கலாம். அக்கம்பக்கம் முழுவதற்கும் அது 12 விழுக்காடு. அதாவது, நம் பாட்டியின் பக்கத்து வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் சீன அல்லது மலாய்ப் பாட்டியாகத்தான் இருப்பார். பழைய பேட்டைகளில் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. காரணம், அந்தத் தலைமுறைக்குப் பொதுவாக ஒரு மொழி இருந்தது. ஹொக்கியன் பேசும் ஆயாவும் தமிழ் பேசும் ஆயாவும் சந்தை மலாயில் குடும்பக் கதை முழுவதையும் பேசித் தீர்த்தார்கள். இலக்கணம் எந்தப் பக்கமும் இருக்காது. ஆனால் யார் மகளுக்குப் பிள்ளை பிறந்தது, யாருக்கு முழங்கால் வலி, சந்தையில் மீன் என்ன விலை என்பதெல்லாம் தெளிவாகப் போய்ச் சேரும்.

அந்த ஆயாவை இளம் தம்பதியர் நிறைந்த புதிய புளோக்குக்குக் கூட்டிப் போனால் என்ன ஆகும்? அங்கே எல்லாரும் ஆங்கிலம் பேசுவார்கள். "குட் மார்னிங்" சொல்வார்கள், சிரிப்பார்கள், மின்தூக்கிக் கதவு மூடிவிடும். ஆயாவின் சந்தை மலாய்க்கு அங்கே ஆள் இல்லை. வீடு மாறினால் அவர் முகவரி மட்டும் மாறுவதில்லை. நாற்பது ஆண்டுகளாகத் தெருவில் செலாவணியான ஒரு மொழியும் ஒரே நாளில் செல்லாக்காசாகிவிடுகிறது. "அம்மா ஏன் இப்போதெல்லாம் பேசுவதே இல்லை?" என்று கேட்கும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, அப்படியானால் அந்தக் காலம்தான் பொற்காலமா? அப்படிச் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் 1960களில் கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்தவர்களும் இதே குறையைத்தான் சொன்னார்கள். 1961ல் புக்கிட் ஹோ சுவீ தீ விபத்தில் பல ஆயிரம் பேர் வீடிழந்தார்கள். ஓராண்டுக்குள் அங்கே முதல் புளோக்குகள் எழுந்தன. குழாயில் தண்ணீர், கதவுக்குப் பூட்டு, மின்விளக்கு எல்லாம் கிடைத்தன. ஆனாலும் கோழி வளர்க்க முற்றமில்லை, கதவைச் சாத்திக்கொண்டால் யாரையும் பார்க்க முடியவில்லை என்று பெரியவர்கள் புலம்பிய காலம் அது. அவர்கள் குறைப்பட்டுக்கொண்ட அதே அடுக்குமாடிகளைத்தான் இன்று நாம் ஏக்கத்தோடு நினைத்துப் பார்க்கிறோம்.

இடையில் என்ன நடந்தது? அந்தப் புளோக்குகளின் அமைப்பு ஓரளவு கைகொடுத்தது. மாடியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே தாழ்வாரம். மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. ஒரு மாடி ஏறியோ இறங்கியோ, பத்து வீட்டு வாசலைக் கடந்துதான் நம் வீட்டுக்குப் போக முடியும். போகிற வழியில் நாலு வார்த்தை பேசாமல் இருக்க முடியாது. 2001 முதல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்து, மூத்தோருக்கும் சக்கர நாற்காலியில் செல்வோருக்கும் பெரும் நிம்மதி தந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. புதிய கட்டடங்களில் தாழ்வாரம் குறுகி, ஒரு மாடியில் சில வீடுகளே எதிரெதிராக இருப்பதால் தனிமைச் சுகமும் கிடைத்தது. ஆனால் தற்செயலான சந்திப்புகள் குறைந்தன. முன்பு கட்டடமே நமக்காகச் செய்து கொடுத்ததை இப்போது நாமே முயன்று செய்ய வேண்டியிருக்கிறது.

முயன்றால் முடியும் என்பதற்கும் அதே வட்டாரத்தில் சான்று உண்டு. 1932ல் ரயில்வே தொழிலாளர்கள் குவீன்ஸ்வே பக்கம், ரயில் பாதையோரம் ஒரு சிறு குடிலில் முனீஸ்வரனை வைத்து வழிபட்டார்கள். அந்தக் கோயில் பிறகு காமன்வெல்த் டிரைவுக்கு இடம் மாறி, 1998ல் அங்கே குடமுழுக்கு கண்டது. 2011ல் அந்தப் பாதையில் ரயிலும் நின்றது. இன்றும் வெள்ளிக்கிழமை அங்கே போய்ப் பாருங்கள். இடம் மாறியும் கூட்டம் கலையவில்லை. வாரா வாரம் வந்து கூடும் பழக்கத்தை மக்கள் கையோடு கொண்டுபோனார்கள்.

வீடு மாறும் குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. மாற்று வீடு தேர்ந்தெடுக்கும் நேரத்தில் பிள்ளைகள் மாடி உயரத்தையும் காற்றோட்டத்தையும் பார்ப்பது இயல்பு. அம்மாவின் நெருங்கிய பக்கத்து வீட்டார் எந்தப் புளோக்குக்குப் போகிறார்கள் என்பதையும் கேட்டு, முடிந்தால் சேர்ந்தே விண்ணப்பியுங்கள். முடியாவிட்டால் தொலைபேசி எண்ணையாவது வாங்கி அம்மாவின் கைபேசியில் பதிந்து கொடுங்கள். வாரம் ஒருமுறை பழைய சந்தைப் பக்கமோ காப்பிக் கடைக்கோ அவரை அழைத்துப் போங்கள்.

புதிய வீட்டுக்கு வந்த முதல் ஆண்டு முக்கியமானது. எல்லாருமே புதியவர்கள் என்பதால் அறிமுகம் செய்துகொள்ளக் கூச்சம் குறைவு. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுக்கு முறுக்குத் தட்டு கொடுக்கும்போது, அம்மாவையும் கூட்டிப் போய்க் கொடுக்கச் சொல்லுங்கள். சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சு வந்தால், ஹரி ராயாவுக்குப் பலகாரம் வந்தால், நன்றி சொல்வதும் அவர் வேலையாக இருக்கட்டும். பக்கத்து வீட்டிலும் ஒரு பாட்டி இருந்தால் சந்தை மலாய் மீண்டும் உயிர்பெறலாம். இல்லையென்றால் நாலு ஆங்கிலச் சொற்களும் ஒரு தட்டு முறுக்கும் தொடக்கத்துக்குப் போதும். மொழிபெயர்ப்புக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இளம் தம்பதியருக்கு இதில் சுயநலமும் உண்டு. வீட்டின் உட்புறத்தைப் புதுப்பிக்கும் இல்ல மேம்பாட்டுத் திட்டம் ஒரு புளோக்குக்கு வர, தகுதிபெறும் வீடுகளில் 75 விழுக்காடு ஆதரவு வேண்டும். 2018ல் அறிவிக்கப்பட்ட வேர்ஸ் திட்டத்தில், 70 ஆண்டுகளைக் கடந்த பேட்டைகளில் வீட்டை முன்கூட்டியே ஒப்படைப்பதா இல்லையா என்பதைக் குடியிருப்பாளர்களே வாக்களித்து முடிவு செய்வார்கள். ஒருவர் வீட்டின் எதிர்காலம் பக்கத்து வீட்டாரின் வாக்கிலும் இருக்கும். முப்பது ஆண்டுகள் பெயர்கூடத் தெரியாமல் வாழ்ந்தவர்கள் அந்த முடிவை அன்று திடீரென்று உட்கார்ந்து பேசி எடுத்துவிட முடியாது. அந்தப் பேச்சுக்கான பழக்கம் இப்போதே தொடங்க வேண்டும்.

இந்த வாரம் மின்தூக்கியில் பக்கத்து வீட்டாரைப் பார்த்தால் பெயரைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லுங்கள். அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும்.