பெட்டி மட்டும் வந்தால் போதுமா?

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியவர்கள் ‘ஒட்டவில்லை’ என்று புலம்புவதெல்லாம் வெறும் அலட்டல், மேலைநாட்டு உளவியல்காரர்கள் பெயர் வைத்துக் கொடுத்த நோய், நம் முன்னோர் கடல் கடந்து திரும்பியபோது இப்படி முனகவில்லை, மண் அவர்களை அப்படியே அள்ளிக்கொண்டது என்று சென்ற இதழில் நண்பர் ஒருவர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். தீர்ப்பு என்றுதான் சொல்ல வேண்டும். வாதம் என்றால் சான்று கேட்பார்களே.

முன்னோரிலிருந்தே தொடங்குவோம், அவர் கைதட்டலுக்குக் காத்து நின்ற இடம் அதுதான். மண் அள்ளிக்கொண்டதாம். சாதியிழக்கச் செய்யும் பாவங்களின் வரிசையில் கடற்பயணத்தைச் சேர்த்த பௌதாயன தர்மசூத்திரம் எந்த மண்ணில் எழுதப்பட்டது? கேம்பிரிட்ஜிலிருந்து 1919இல் நோயாளியாகத் திரும்பிய ராமானுஜனுக்கு ராமேசுவரத்தில் பிராயச்சித்தம் செய்விக்கத் தாயார் எண்ணியிருந்தார். உடம்பு இடம் கொடுக்கவில்லை. மறு ஆண்டு ஏப்ரலில் அவர் இறந்தபோது, கடல் தாண்டிய தீட்டுக் கழியாதவர் என்று வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கே வரவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1918இல் உறுப்பினராக்கிக்கொண்ட மனிதரை அள்ளிக்கொள்ள மண்ணுக்கு ஏனோ கை நீளவில்லை.

உளவியல் இறக்குமதிச் சரக்கு என்கிறாரே, எதைப் படித்துவிட்டு? போர்முனையிலிருந்து வீடு திரும்பும் சிப்பாய்களை மனத்தில் வைத்து ஆல்ஃபிரட் ஷுட்ஸ் 1945இல் எழுதிய கட்டுரையையோ, அயல்நாட்டில் ஒருமுறை சரிந்து எழுந்த மனம் ஊர் திரும்பியபின் இன்னொருமுறை சரிந்து எழும் என்று கல்லஹார்ன் தம்பதி 1963இல் காட்டிய டபிள்யூ வளைவையோ அவர் புரட்டியதற்குத் தடயமே இல்லை. போகட்டும், நம் சாத்திரத்தையாவது பார்த்திருக்கலாம். போனவன் போனபடியே திரும்பவில்லை என்று தெரிந்ததால்தானே பிராயச்சித்தம்? வித்தியாசம் ஒன்றுதான்: ஷுட்ஸ் வந்தவனும் மாறிவிட்டான், வீடும் மாறிவிட்டது என்கிறார், சாத்திரம் குற்றம் முழுவதையும் வந்தவன் தலையில் போட்டு, போய் முழுகிவிட்டு வா என்கிறது. நண்பர் எந்தக் கட்சி என்பதை வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆற்றுக்குப் பதிலாக மௌனத்தில் முழுகச் சொல்கிறார், அவ்வளவே.

தண்ணீர் பாட்டிலோடு திரிகிறார்கள் என்று ஒரு கிண்டல். தன் வீட்டுச் சமையலறையில் இருபது லிட்டர் கேன் கவிழ்ந்திருக்கவில்லை என்று அடித்துச் சொல்லட்டும், அப்புறம் பேசுவோம்.

அவர் கண்ணில் படுகிறவரெல்லாம் கலிபோர்னியாக்காரர்தான். கேலிக்கு அவர்தான் தோது. தம்மாமில் இருபது வருடம் கம்பி கட்டியவர் என்ன ஆனார்? இரண்டு வருடத்துக்கொருமுறை இரண்டு மாத லீவு என்று வைத்தால், அந்த இருபது வருடத்தில் அவர் வீட்டில் இருந்தது இருபதே மாதம். ஒவ்வொரு லீவிலும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி பிரிக்கப்படும், கோடாலித் தைலமும் டாங்கும் பால்பவுடர் டின்னும் ஆளுக்கொன்றாகக் கை மாறும்; அது முடிவதற்குள், “எப்பண்ணே திரும்பப் போறீங்க?” என்று ஒரு குரல் கேட்டுவிடும். இனிப் போவதில்லை என்று ஐம்பது வயதில் அவர் வந்து திண்ணையில் உட்காரும்போது, வீடு அவர் இல்லாமலே நடக்கப் பழகியிருக்கிறது. ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பேங்க் பாஸ்புக் எல்லாம் மனைவி பொறுப்பு. மகளுக்கு அப்பா என்றால் போனில் வரும் குரல். எதில் கைவைத்தாலும் “நீங்க சும்மா இருங்க.” இதுவும் பந்தாதானா, ஐயா? நான்கு பக்கத்தில் இந்த மனிதருக்கு நாலு வரிகூட ஒதுக்க முடியவில்லையா?

ஒதுக்கமாட்டார். காரணம் அறியாமை என்று நினைத்தேன்; அவரே எழுதிய பழைய கட்டுரை ஒன்று கைக்கு வந்ததும் அந்தச் சலுகையையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். ஊர்க்கோயில் குடமுழுக்குக்கு அள்ளிக் கொடுத்த வெளிநாட்டு அன்பர்களை, வேரை மறவாத விழுதுகள் என்று அதில் உச்சி முகர்ந்திருக்கிறார். பணம் அனுப்பினால் விழுது. வந்து நின்று, சாக்கடையை ஏன் மூடவில்லை என்று கேட்டால் அலட்டல். டாலரும் ரியாலும் எந்தச் சங்கடமும் இல்லாமல் ஊரோடு ஒட்டிக்கொள்கின்றன, சம்பாதித்தவனின் கண் மட்டும் உறுத்துகிறது என்றால், கோளாறு அந்தக் கண்ணில்தானா?

கடைசியில் காந்தியை வேறு துணைக்கு இழுக்கிறார்: திரும்பி வந்தார், மறுநாளே மக்களோடு கலந்துவிட்டாராம். லண்டனிலிருந்து 1891இல் வந்தவரை அண்ணன் நாசிக்குக் கூட்டிப்போய் ஆற்றில் முழுகவைத்தார், ராஜ்கோட்டில் சாதி விருந்தும் வைத்தார். அப்படியும் மாமனார் வீட்டில் தண்ணீர் குடிக்கச் சாதிக் கட்டுப்பாடு விடவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து 1915 ஜனவரியில் வந்தவரிடமோ, ஒரு வருடம் ஊர் சுற்றிப் பாருங்கள், பொதுப்பிரச்சினைகளில் வாய் திறக்க வேண்டாம் என்று கோகலே வாக்கு வாங்கிக்கொண்டார். மறுநாளே கலந்தவருக்கு எதற்கு ஒரு வருடத் தவணை? அது முடிந்த கையோடு, 1916 பிப்ரவரியில், காசி இந்துப் பல்கலைக்கழக விழா மேடையில் அவர் பேசியது என்ன? விசுவநாதர் கோயிலைச் சுற்றிய சந்துகளின் அழுக்கு. கண்ட இடத்தில் எச்சில் துப்புகிற நம் வழக்கம். மூன்றாம் வகுப்பு ரயில்பெட்டியின் நிலை. மேடையிலிருந்த மன்னர்களின் நகைகள். அன்னி பெசன்ட் குறுக்கிட்டு நிறுத்தச் சொன்னார், மன்னர்கள் எழுந்து போனார்கள். நண்பர் அன்று அந்த மேடையில் இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பாரா, மன்னர்களுக்கு முன்னால் எழுந்து ஓடியிருப்பாரா?