ஸ்மார்ட் போர்டு வாங்குமுன் ஆசிரியையைப் பாருங்கள்





சென்ற மாதம் மதரஸா மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு செண்பகத்தோப்புக்குச் சென்றிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மேற்கே மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் கடந்தால் மலையடிவாரம் வந்துவிடும். அங்கே வழியோரத்தில் ஓர் அறிவிப்புப் பலகை நின்றது. அதன் தமிழ் வாசகம் வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. ஆங்கில வாசகம் மட்டும் படிக்கும் நிலையில் இருந்தது. ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவனை அழைத்து வாசிக்கச் சொன்னேன். ஓரிடத்திலும் தடுமாறாமல் கணீரென்று வாசித்து முடித்தான். உடன் வந்த பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"என்ன எழுதியிருக்கிறது, தம்பி?" என்று கேட்டேன்.

"தெரியாது, ஹஜ்ரத்."

"ஓடையில் இறங்கலாமா, கூடாதா? அதையாவது சொல்."

சற்று யோசித்துவிட்டு, "இறங்கலாம் என்றுதான் நினைக்கிறேன்" என்றான்.

மழைக் காலத்தில் ஓடைக்குள் இறங்கக் கூடாது, மலையில் பெய்யும் மழையால் திடீரென வெள்ளம் வரும் என்பதுதான் அந்தப் பலகையின் எச்சரிக்கை.

எல்.கே.ஜி. தொடங்கி ஏழு ஆண்டுகள் அந்தப் பிள்ளை ஆங்கிலம் பயின்றிருக்கிறான். அவனுடைய அத்தா கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருக்கிறார். சிறுவன் அறிவில் குறைந்தவன் அல்லன். மதரஸாவில் மனனம் செய்வதில் முதல் மாணவன் அவன்தான். அந்த ஆற்றலைத்தான் ஆங்கில வகுப்பிலும் அவனிடம் வேண்டினார்கள் போலும். எழுத்தைக் கூட்டி ஒலிக்கக் கற்றுக்கொண்டான். மொழியை அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை.

"மதரஸாவில் நீங்கள் செய்வதும் அதுதானே?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி, அதற்குப் பின்னர் வருகிறேன். ஒரு வேறுபாட்டை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். பொருள் அறியாது ஓதினாலும் குர்ஆனின் ஒவ்வோர் எழுத்துக்கும் நன்மை உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆங்கில எழுத்துக்கு அப்படியொரு வாக்குறுதியை எவரும் நமக்குத் தரவில்லை.

இதை இப்பொழுது எழுதக் காரணம் உண்டு. எங்கள் பகுதியில் சமுதாயத்தவர் நடத்தும் பள்ளியொன்றின் நிர்வாகக் கூட்டத்திற்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மூன்று வகுப்பறைகளுக்கு ஸ்மார்ட் போர்டு வாங்குவதென்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. இரண்டு லட்சத்துக்கு மேல் செலவு. "ஆங்கிலத்தின் தரம் உயரும்" என்றார்கள். அந்தப் பலகையின் முன் நிற்கப்போகும் ஆசிரியைக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் என்ன பயிற்சி தந்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். அவையில் சிறிது நேரம் அமைதி நிலவியது. பிறகு ஒருவர், "அவர் டிகிரி முடித்தவர், ஹஜ்ரத்" என்றார்.

அந்தச் சகோதரியை நான் அறிவேன். வணிகவியல் படித்தவர். மாதம் எட்டாயிரம் ரூபாய்க்கு வேலையில் சேர்ந்தார். மறுநாளே யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்த அனுப்பப்பட்டார். "எனக்கு நடத்தியவர்கள் எப்படி நடத்தினார்களோ அப்படியே நானும் நடத்துகிறேன், ஹஜ்ரத். வேறு வழி எனக்கு யார் காட்டினார்கள்?" என்று அவர் என் மனைவியிடமும் என்னிடமும் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைகளில் புதிதாகச் சேர்ந்தவனை முதல் நாளே பால் சட்டியின் முன் நிறுத்திக் கிண்டச் சொல்வார்களா? பால் அடிப்பிடித்துவிடும் என்ற அச்சம் முதலாளிக்கு இருக்கிறது. பிள்ளைகள் விஷயத்தில் அந்த அச்சம் நமக்கு இல்லை.

ஆங்கிலம் தெரிந்திருப்பது வேறு, ஆங்கிலம் கற்பிக்கத் தெரிந்திருப்பது வேறு. நம் சமுதாயம் ஒப்புக்கொள்ள மறுக்கும் முதல் உண்மை இது. அடுத்ததும் ஒன்று உண்டு. சென்னையிலோ பெங்களூரிலோ வாழும் பிள்ளைக்கு ஆங்கிலம் தெருவிலும் கடையிலும் காதில் விழலாம். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளி மணி அடித்த பின் ஆங்கிலம் பேசுவோர் யார்? வீட்டில் தமிழ், பள்ளிவாசலில் தமிழும் அரபியும், நூற்பாலை வாசலில் தமிழ். நம் பிள்ளைக்கு ஆங்கிலம் முழுக்க முழுக்க அயல்மொழி. அயல்மொழியைக் கற்பிப்பதற்கென்று உலகெங்கும் தனி முறைகளும் தனிப் பயிற்சிகளும் உள்ளன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்கூட அப்பயிற்சி பெற்ற பின்னரே பிற நாடுகளில் கற்பிக்கச் செல்ல வேண்டும் என்று நல்ல நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. அவர்களுக்கே தேவைப்படுவது நம் யு.கே.ஜி. ஆசிரியைக்குத் தேவையில்லையா?

இந்தப் பயிற்சி நம் மாநிலத்திற்குப் புதியதும் அன்று. 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில் ஏறத்தாழ 27,000 தொடக்க நிலை ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையில் மறுபயிற்சி அளிக்கும் பெருமுயற்சி தொடங்கியது. பிரிட்டிஷ் கவுன்சில் அதில் துணை நின்றது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு. பனிமலையில் உருண்டு வரும் உருண்டை பெருத்துக்கொண்டே போவதைப் போன்றது என்பதால் 1962இல் வெளிவந்த ஓர் ஆங்கிலக் கட்டுரை இதைச் சென்னைப் பனியுருண்டை என்றே அழைத்தது. பொருளைக் காட்டியும் செயலைச் செய்துகாட்டியும், முதலில் வாய்மொழியாகவும் பின்னரே எழுத்தாகவும், எளிய வாக்கிய அமைப்பிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாகக் கொண்டு செல்வது அன்றைய முறை. ஹைதராபாத்தில் ஆங்கிலத்திற்கான மத்திய நிறுவனம் 1958இல் தோன்றியதும் இதே காலத்தில்தான்.

அந்த உருண்டை போகப் போகக் கரைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நேரில் கற்றவரிடம் இருந்த தெளிவு, அவரிடம் கற்றவரிடமிருந்து கற்றவருக்கு இருப்பதில்லை. சில நாள் பயிற்சி முடிந்து ஊர் திரும்பிய ஆசிரியர் ஒரு மாதத்தில் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடுவது எக்காலத்திலும் நடப்பதே. வாக்கிய அமைப்புகளைப் பல்லாண்டுகள் பயின்ற மாணவர்கள் அவற்றைப் பயன்படுத்தத் தெரியாமல் நின்றதைக் கண்டுதான் என். எஸ். பிரபு என்னும் அறிஞர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் வேறொரு வழியைச் சோதித்தார். இலக்கணப் பயிற்சியை ஒதுக்கிவிட்டுப் பிள்ளைகளிடம் ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்தார். எந்த ரயில் முன்னே போகும், எந்த வழி குறுகியது என்று அவர்கள் யோசித்து விடை காண வேண்டும். விடையைத் தேடும்போது மொழி தானாக மனத்தில் படியும் என்பது அவர் கொள்கை. 1987இல் அவர் எழுதிய நூலை இன்றும் உலகெங்கும் ஆசிரியப் பயிற்சியில் படிக்கிறார்கள். நம் பக்கத்துப் பள்ளிகளில் பிறந்த முறையை உலகம் படிக்கிறது. நாம் ஸ்மார்ட் போர்டுக்கு விலைப்பட்டியல் கேட்கிறோம். பொதிகை விரைவு ரயிலின் கால அட்டவணை ஒன்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, "ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறினால் மதுரைக்கு எப்போது?" என்று ஆங்கிலத்தில் கேட்க எத்தனை லட்சம் வேண்டும்?

இதே பிரபு 1990இல் எழுதிய கட்டுரையொன்றில், எல்லாரும் பின்பற்றத்தக்க ஒரே சிறந்த முறை என்று ஏதும் இல்லை என்றார். தான் செய்வது ஏன் பயன் தருகிறது என்ற உணர்வு ஆசிரியரிடம் உயிரோடு இருக்க வேண்டும். அது செத்து வெறும் வழக்கமாகிவிடுவதுதான் கேடு என்பது அவர் வாதம். இருபது ஆண்டுகளுக்கு மேல் உஸ்தாதாக இருக்கும் எனக்கு அதைப் படித்தபோது சுட்டது.

இப்போது மதரஸாவைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நான் அரபி கற்றது இலக்கண வாய்பாடுகளை மனனம் செய்து. வினைச்சொல்லின் பதினான்கு வடிவங்களையும் உறக்கத்திலும் சொல்வேன். ஆனால் முதன்முறை ஓர் அரபியர் என்னிடம் வழி கேட்டபோது வாய் திறக்கவில்லை. பின்னர் மதீனா நூல்கள் என்று நாம் அழைக்கும் அரபிப் பாடநூல்கள் கைக்கு வந்தன. மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபியர் அல்லாத மாணவர்களுக்காக அவற்றை எழுதியவர் பேராசிரியர் வி. அப்துர் ரஹீம் (ரஹ்). 1933இல் வாணியம்பாடியில் பிறந்த தமிழகத்து மைந்தர். ஆங்கில இலக்கியம் பயின்று ஆங்கிலம் கற்பித்தவர். 2023இல் இறைவனடி சேர்ந்தார். முதல் பாடத்திலேயே வீட்டையும் பள்ளிவாசலையும் கதவையும் சுட்டிக் கேள்வி கேட்கிறார், விடை சொல்லவைக்கிறார். இலக்கணம் பின்னால் மெல்ல வருகிறது. அயல்மொழியை எப்படிக் கற்பிப்பது என்று அறிந்த ஒருவர் எழுதியதால் அந்நூல்கள் உலகம் முழுவதும் சென்றன. அரபிக்கு இதைச் செய்தவர் நம் மண்ணில் தோன்றியிருக்க, ஆங்கிலத்துக்கு நம் ஆசிரியைகளை வெறுங்கையோடு வகுப்புக்குள் அனுப்புகிறோம்.

கூட்டத்தில் எழுந்த மறுப்புகளில் ஒன்று: "பயிற்சி கொடுத்தால் அவர் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்." போகட்டுமே! எட்டாயிரத்துக்கு எவர்தான் நிலைத்திருப்பார்? பயிற்சி பெறாத ஆசிரியை நம் பள்ளியிலேயே இருபது ஆண்டுகள் இருந்துவிடுவது அதைவிடப் பெரிய இழப்பு அன்றோ!

இன்னொருவர், "வகுப்பில் தமிழ் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம் போட்டால் போதும், தானாக வந்துவிடும்" என்றார். இதைக் கேட்டு எனக்குச் சினமே வந்தது. ஒவ்வொரு தூதரையும் அவரவர் சமுதாயத்தின் மொழியிலேயே அனுப்பியதாக அல்லாஹ் இப்ராஹீம் அத்தியாயத்தில் கூறுகிறான். விளங்க வைப்பதே அதன் நோக்கம் என்பதும் அங்கேயே வருகிறது. விளங்க வைக்கத் தாய்மொழியில் ஒரு சொல் தேவைப்படும்போது அதைச் சொல்லும் ஆசிரியை குற்றவாளியா? அபராதத்திற்கு அஞ்சும் பிள்ளை ஆங்கிலம் பேசுவதில்லை, பேசாமலே இருந்துவிடுகிறது. எப்போது தமிழ், எவ்வளவு தமிழ் என்பதை அறிவதே பயிற்சியின் ஒரு பகுதி.

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் சேர்த்து நடக்கும் தகுதித் தேர்வைச் சிலர் சுட்டினார்கள். 150 மதிப்பெண்களில் 30 ஆங்கிலத்துக்கு. அனைத்தும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். அத்தேர்வை நான் குறைகூறவில்லை. ஆனால் ஒருவர் ஆறு வயதுப் பிள்ளைகள் முப்பது பேரின் முன் நின்று கற்பிப்பதை அது ஒரு நிமிடமும் பார்ப்பதில்லை. கைபேசியில் காணொலி பார்த்து வாரக் கடைசியில் கிடைக்கும் சான்றிதழ்களுக்கும் இது பொருந்தும். பிள்ளைகளை நிறுத்திக் கற்பிக்க வைத்து, பின்னால் அமர்ந்து பார்த்து, திருத்திச் சொல்லும் பயிற்சியே பயிற்சி.

"ஆலிம்களுக்கு ஆங்கிலத்தில் என்ன வேலை?" என்று என்னை நோக்கியே ஒருவர் கேட்டார். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதும், அரை மாதத்திற்குள் அவர் கற்றுத் தேர்ந்து கடிதங்களை எழுதியும் படித்தும் காட்டியதும் திர்மிதியில் பதிவாகியுள்ளன. அவருக்குத் தேவை தெளிவாக இருந்தது: கடிதம். நம் பிள்ளைகளின் தேவை என்ன என்று எந்த நிர்வாகமாவது உட்கார்ந்து யோசித்ததுண்டா?

வங்காளத்தில் ஆசிரியப் பயிற்சியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் 1926இலேயே இதைக் கேட்டார். பாதியில் படிப்பை நிறுத்தும் பிள்ளைகளே இந்நாட்டில் மிகுதி. நின்றுபோகும் இடம் வரை கற்றதற்கு ஏதேனும் மதிப்பு இருக்கிறதா என்பதே அவர் கேள்வி. காப்பீட்டுக்காரர்கள் சொல்லும் சரண்டர் மதிப்பு என்ற சொல்லை அவர் பயன்படுத்தினார். (காப்பீட்டின் மார்க்கச் சட்டத்தை இங்கே என்னிடம் கேட்காதீர்கள், அது வேறு கட்டுரை.) எட்டாம் வகுப்போடு நின்று கடைக்கோ வளைகுடாவுக்கோ போகும் நம் பையனிடம் அந்த மதிப்பு எவ்வளவு இருக்கிறது? விசாத் தாளையும் ஒப்பந்தத்தையும் அவன் வாசிப்பான், அந்தச் சிறுவன் பலகையை வாசித்தது போலவே. கையெழுத்தும் இடுவான்.

நான் கேட்பது அதிகம் அன்று. இவ்வாண்டு ஸ்மார்ட் போர்டு ஒன்றோடு நிற்கட்டும். மிச்சத் தொகையில் இரண்டு ஆசிரியைகளை, பெண்கள் தங்கிப் பயில ஏற்ற வசதியுள்ள நல்ல பயிற்சிக்கு அனுப்புங்கள். அந்நாள்களின் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். அவர்கள் திரும்பியதும் வாரம் ஒரு பாடவேளை மற்ற ஆசிரியைகள் அவர்கள் வகுப்பில் அமர்ந்து பார்க்கட்டும். அவர்களும் மற்றவர் வகுப்பைப் பார்க்கட்டும். பனியுருண்டை கரைந்தது இந்தத் தொடர்ச்சி இல்லாமையால்தான் என்பது என் கருத்து. பெற்றோர்களும் ஆண்டு விழாவில் ரைம்ஸ் கேட்டுக் கைதட்டுவதை நிறுத்திவிட்டு, வீட்டில் உள்ள மருந்துச் சீட்டையோ பிஸ்கட் உறையையோ பிள்ளையிடம் காட்டிப் பொருள் கேளுங்கள்.

அடுத்த கூட்டம் ரமளானுக்கு முன் நடக்கிறது. வரவு செலவுத் தாளை எனக்கும் அனுப்பியிருக்கிறார்கள். கட்டடம், பெயிண்ட், வாகனம், சீருடை, ஸ்மார்ட் போர்டு, ஆண்டு விழா என்று பதினொரு தலைப்புகள் உள்ளன. ஆசிரியர் பயிற்சி என்று பன்னிரண்டாவதாக ஒன்றைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். தொகைக்கான கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.