வீட்டை வித்துட்டுத்தான் போறேன், என்ன இப்ப?

மக்கா, முதல்ல சேதி. திருவரங்குளம் வீட்டை வித்தாச்சு. அடுத்த மாசம் குடும்பத்தோட கனடா. கிரயம் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியிலேருந்து போன் ஓயல. எல்லாம் துக்கம் விசாரிக்கிற குரல். "அப்பா கட்டுன வீடாச்சேப்பா." "அரங்குளநாதர் காலடியில ஒரு புடி மண்ணாவது வேணாமா?" பெரியப்பா மட்டும் நேரா விஷயத்துக்கு வந்தாரு. "ஏம்ப்பா, பூட்டிப் போட்டுட்டுப் போனா அது உங்கிட்ட சோறா கேக்குது?"

கேக்கும் பெரியப்பா. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நம்ம பக்கம் செம்மண், கரையானுக்குப் பஞ்சமே கிடையாது. ஆள் புழங்குற வீட்டுல சுவத்துல மண்கோடு ஏறினா கூட்டிப் பெருக்குறப்ப கண்ணுல படும், அன்னைக்கே தட்டிவிட்டு மருந்து அடிச்சிருவோம். பூட்டின வீட்டுல அது நிலையில ஏறி, உத்தரத்துக்குப் போயி, சாவகாசமா சாப்பிட்டு முடிக்கும். ஓடு ஒண்ணு விலகினா ஆள் இருக்குற வீட்டுல அண்டாவ வச்சாவது ஒழுகலைப் புடிப்பாங்க. ஆளில்லாத வீட்டுல அந்த ஒரு ஓடே போதும், ரெண்டு மழையில சட்டம் உளுத்து, மூணாவது மழையில அந்தப் பக்கமே உக்காந்துரும்.

2018 நவம்பர் 16 ஞாபகம் இருக்குல்ல? கஜா. ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோட சாஞ்சு கெடந்துச்சு. கரண்டு வர நாள் கணக்காச்சு. எங்க தெருவுல ஆள் இருந்த வீட்டுக்காரங்க மறுநாளே தார்ப்பாயைக் கட்டி மேல ஏறி ஓட்டைச் சரி பண்ணாங்க. பூட்டு தொங்குன வீடு ரெண்டு. ஓனருங்க வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பச் சொல்லி, பாத்து, அழுவுற பொம்மை அனுப்பினாங்க. ஓடு அனுப்பல.

இனிமே கொஞ்சம் கோவமா பேசுறேன், நம்ம பதிவர்கள் மன்னிச்சுக்கணும். திண்ணை, முத்தம், கெணத்தடி, அப்பத்தா படுத்திருந்த ஊஞ்சல்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை எழுதுறோம். நானும் படிச்சு உருகியிருக்கேன், இல்லேங்கல. ஆனா நியூஜெர்சியிலயோ சிங்கப்பூர்லயோ உக்காந்து எழுதுற அந்த வீட்டுல இன்னைக்கு யார் இருக்கான்னு ஒருத்தரும் எழுதறதில்லை. வவ்வால் இருக்கு சாமி. அப்பத்தா ஊஞ்சலுக்குக் கீழ அது போட்ட எச்சம் ஒரு சாண் இருக்கு.

நமக்குத் தெக்கால இருக்குற செட்டிநாட்டைப் பாத்தாவது புத்தி வரணும். காரைக்குடி மட்டுமில்லை, கோனாபட்டு, ராயவரம்னு நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துலயே அந்த வீடுங்க இருக்கு. பர்மா, இலங்கை, மலேயாப் பணத்துல பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல்னு இழைச்ச வீடுங்க. 1942ல பர்மாவுல ஜப்பான்காரன் நுழைஞ்சதோட வருமானத்துக்கு இடி. குடும்பம் பெருகி, சென்னை, வெளிநாடுன்னு சிதறி, ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளின்னு ஆகிப் போச்சு. "பாட்டன் கட்டுனது, விக்கக் கூடாது." விக்கல. பல வீட்டுக்கு என்ன ஆச்சுன்னு தெரியணும்னா காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு நடை நடங்க. தூணு தனியா, கதவு தனியா, பீங்கான் ஜாடி தனியா, பாட்டன் படம் சட்டத்தோட தனியா. எல்லாத்துக்கும் விலை உண்டு. ஆக அவங்களும் வித்தாங்கய்யா. முழு வீடா வாங்கிக் குடியேற ஆள் இருந்தப்ப விக்காம, கதவாவும் தூணாவும் வித்தாங்க. (கட்டிக் காப்பாத்துற குடும்பங்களும் இருக்கு, அவங்களுக்குக் கும்பிடு. அதுக்கு ஆகுற செலவை அவங்ககிட்டயே கேட்டுப் பாருங்க.)

எங்க வீடு அரண்மனை இல்லை, ஓட்டு வீடு. ஆனா கணக்கு ஒண்ணுதான். அப்பா உயில் எழுதல. அது அவரு சொந்த சம்பாத்தியம், அதனால 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நான், தங்கச்சி மூணு பேருக்கும் சம பங்கு. இன்னைக்கு மூணு கையெழுத்து, மூணு பேரும் ஒரே பஸ்ஸுல ஏறி வந்து போட்டோம். இருபது வருஷம் போகட்டும். என் புள்ளைக ரெண்டு, தங்கச்சி புள்ளைக மூணு, ஆளுக்கொரு நாடு. ஒவ்வொருத்தரும் லீவு போட்டுத் தூதரகத்துக்குப் போயி பவர் எழுதி அனுப்பணும், அது இங்க வந்து சேந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டணும். அஞ்சுல ஒருத்தன் "எனக்கு இதுல இஷ்டமில்லை"ன்னா போச்சு, நேரா பாகப்பிரிவினை வழக்கு. மூலப்பத்திரம் எந்த பீரோவுலன்னு தெரிஞ்ச ஒரே ஆளு எங்கம்மாதான், அதையும் சேத்துக்குங்க.

வரி சமாச்சாரமும் இருக்கு. இங்க குடியிருக்கிறவனா இருந்து வித்தா, 50 லட்சத்துக்குக் கீழ வாங்குறவர் வரி புடிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டுவாசி ஆயிட்டு வித்தா, தொகை எவ்வளவா இருந்தாலும் வாங்குறவர்தான் வரியைப் புடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டணும். இதை நம்ம ஊர்ல வீடு வாங்க வர்ற ரிட்டயர்டு வாத்தியார்கிட்ட சொல்லிப் பாருங்க, "வேற வீடு பாத்துக்கிறேன் தம்பி"ன்னுட்டுப் போயிருவாரு. 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்குன சொத்துக்கு 12.5 சதம், இல்லேன்னா விலைவாசி ஏத்தம் கழிச்சு 20 சதம், எது கம்மியோ அது, அப்படிங்கற சலுகையும் இங்க குடியிருக்கிறவருக்கு மட்டும்தான். எந்த நிதியாண்டுல எத்தனை நாள் இங்க இருந்தீங்கங்கறத வச்சுத்தான் நீங்க எந்தப் பக்கம்னு முடிவாகும். ஆடிட்டரைப் பாக்காம பிளேன் ஏறாதீங்க.

"வச்சுக்கச் சட்டம் விடாதா?"ன்னா, தாராளமா விடும். வீட்டை மட்டுமில்லை, அப்பா விட்டுட்டுப் போன தோட்டத்தைக்கூட வச்சுக்கலாம். வெளிநாட்டுவாசி புதுசா விவசாய நிலம் வாங்கத்தான் தடை. வாடகைக்கு ஆள் வச்சிருக்கீங்களா, தம்பி குடும்பம் இருக்கா, வச்சுக்குங்க. என் சண்டை பூட்டோடதான்.

இது நம்ம ஊரு நோய் மட்டுமில்லை. ஜப்பான்ல ஆளில்லாத வீட்டுக்கு 'அகியா'ன்னு பேரே இருக்கு. 2023 கணக்குப்படி சுமார் 90 லட்சம், மொத்த வீட்டுல 13.8 சதம். கவனிக்காமப் போட்டு வச்சா வரிச் சலுகையைப் புடுங்குற மாதிரி 2015லயே சட்டம் கொண்டாந்தாங்க. இங்க அப்படி ஒரு சட்டம் வந்தா பாசம் எத்தனை பேருக்கு மிஞ்சும்னு பாக்க ஆசையா இருக்கு :-)

வாங்குனவங்க நம்ம ஊருக்காரங்கதான். பன்னெண்டு வருஷமா ஆலங்குடியில வாடகை வீடு, ரெண்டு பொட்டப்புள்ளைக. இன்னும் அஞ்சு வருஷம் வச்சிருந்தா விலை ஏறும்னாரு மாமா. ஏறலாம். அஞ்சு வருஷத்துல அந்தப் புள்ளைக பத்தாவது முடிச்சிரும். கடைசியில அம்மாகிட்டதான் கேட்டேன். "ஆளில்லாத வீட்டுல யாருடா வெளக்கேத்துவா? குடியிருக்கிறவக கையில குடுத்துரு"ன்னுச்சு. பெரியப்பா, உங்க தம்பி பொண்டாட்டியே சொல்லிருச்சு. சாவியை உங்ககிட்ட குடுத்துட்டுப் போகச் சொன்னீங்க, மறக்கல. அது இப்ப அவங்க கையில இருக்கு.

டிஸ்கி: ஏஜென்ட்டுக்குப் பணம் கட்ட வீட்டை விக்கிறவங்க தயவுசெஞ்சு இந்தப் பதிவைச் சாட்சிக்கு இழுக்காதீங்க. அது வேற கதை. லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் வேலைக்குப் போறவர்கிட்ட சர்வீஸ் சார்ஜா வாங்கலாம்னு நம்ம நாட்டு விதி சொல்றதே அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்குல கேட்டு, "வீட்டை வித்தாவது கட்டு"ங்கறவன் முன்னாடி உக்காந்திருந்தா, முதல்ல அவன் லைசென்ஸ் நம்பரைக் கேட்டு இ-மைக்ரேட் தளத்துல தேடிப் பாருங்க.