செக்-அவுட் எத்தனை மணிக்கு?

புதுச்சேரிப் பக்கம் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து சென்னைக்குப் போய்த் தங்குகிறவர்களில் பலர் ஊர் சுற்றப் போகிறவர்கள் இல்லை. புதுச்சேரிக்கென்று தனி உயர் நீதிமன்றம் கிடையாது. பாகூர்ப் பக்கத்து வரப்புத் தகராறும் மேல்முறையீடு என்று வளர்ந்தால் பாரிமுனையில் இருக்கும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போய்ச் சேரும். குழந்தை வைத்தியத்துக்கு எழும்பூர் ஆஸ்பத்திரி, கண்ணுக்கு அங்கேயே இருக்கும், 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை. வேலை ஒரே நாளில் முடியாது என்று தெரிந்ததும் எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் ரூம் போட வேண்டியிருக்கிறது. வாடகை எவ்வளவு, ஸ்டேஷனுக்குப் பக்கமா என்ற இரண்டு கேள்விகளோடு விசாரணை முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது செக்-அவுட் கணக்கு: பகல் 12 மணியா, சாவி வாங்கியதிலிருந்து 24 மணி நேரமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க வேண்டியவர் முந்தின நாள் சாயங்காலம் 6 மணிக்கு ரூம் எடுக்கிறார். ஒரு லாட்ஜில் 1,200 ரூபாய், 12 மணி செக்-அவுட். அடுத்ததில் 1,500, 24 மணிக் கணக்கு. போர்டைப் பார்த்தால் முதலாவதுதான் மலிவு. ஆனால் மறுநாள் பதினொன்றரைக்கு நோயாளி ஸ்கேன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். கூட வந்தவர் ரூமுக்கு ஓடிப்போய் ஈரத்துண்டையும் பிளாஸ்க்கையும் பையில் திணித்துக்கொண்டிருக்க வேண்டும். ஓட முடியாவிட்டால் இன்னொரு நாள் வாடகை. 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 2,520 ரூபாய். இரண்டாவது லாட்ஜில் 1,575 கொடுத்து, சாயங்காலம் 6 மணி வரை ஒரு கதவும் ஒரு கட்டிலும் நம்முடையவை. வைத்தியம் முடிந்து சோர்ந்து வருகிறவர் காலை நீட்டிப் படுக்க இடம் இருக்கிறது. அதை எந்தக் கட்டணப் பட்டியலிலும் போடமாட்டார்கள். ராத்திரி 11 மணிக்கு வந்து விடிந்ததும் கிளம்புகிறவருக்கு இந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. அவர் 1,200 ரூபாய் ரூமையே எடுக்கட்டும். எழும்பூர் லாட்ஜுகள் சிலவற்றில் 24 மணிக் கணக்கு இன்னும் உயிரோடு இருப்பது, மதுரை, திருநெல்வேலி ரயில்களில் விடியற்காலையில் வந்து இறங்குகிறவர்கள் தயவால் என்று நினைக்கிறேன்.

ஸ்டேஷனுக்குப் பக்கம் என்பதும் சொல்லுகிற அளவுக்குச் சுலபமான விஷயமல்ல. எழும்பூருக்கு முன்வாசல் காந்தி இர்வின் சாலையில், பின்வாசல் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம். லாட்ஜுகள் நெருக்கியடித்து நிற்கும் கென்னட் லேன் முன்வாசலுக்கு எதிரே. கைப்பேசி காட்டும் அரை கிலோமீட்டர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமாக இருந்தால், பெட்டியோடு படியேறி இறங்க வேண்டியது நாம்தான். போதாக்குறைக்கு, 2022 மே மாதம் அடிக்கல் நாட்டிய மறுசீரமைப்பு வேலைக்காகச் சில ரயில்களை அவ்வப்போது தாம்பரத்துக்கு மாற்றுகிறார்கள். திண்டிவனம் வழியாகப் போகும் பஸ்ஸோ கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே எந்த இடத்தில் இறங்கப்போகிறோம் என்பது தெரியாமல் ஸ்டேஷன் வாசலுக்காக இருநூறு முந்நூறு கூடக் கொடுப்பதில் அர்த்தமில்லை. கோர்ட்டுக்குப் போகிறவர் எழும்பூரில்தான் தங்க வேண்டும் என்பதுமில்லை. மெட்ரோவில் சென்ட்ரல் போய் வண்டி மாறினால் அடுத்த நிறுத்தம் உயர் நீதிமன்றம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் போகிறவருக்கு மட்டும் இந்த நியாயம் பொருந்தாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பதுதான் அவருக்கு உதவும்.

ஸ்டேஷனிலேயே ஓய்வறை இருக்கிறதே என்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இணையத்தில் எடுக்க முன்பதிவு டிக்கெட்டின் பிஎன்ஆர் எண் வேண்டும். பஸ்ஸில் போகிறவரிடம் அது ஏது? சொந்தக்காரர் வீடு இருக்கும்போது லாட்ஜ் எதற்கு என்பது நம் பக்கத்துப் பழைய கேள்வி. மடிப்பாக்கத்திலோ ஆவடியிலோ இருக்கும் அத்தை வீட்டிலிருந்து காலை 7 மணிக்கு எழும்பூர் வர எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், அத்தை எத்தனை மணிக்கு எழுந்து காபி போட வேண்டும் என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடும். ஆப்பில் பார்த்தால் இதைவிட மலிவாகக் கிடைக்கிறது என்பதுதான் கொஞ்சம் வலுவான ஆட்சேபம். விலை உண்மைதான், ஆனால் நேரடியாகப் போனால் 24 மணி நேரம் தரும் லாட்ஜே ஆப் வழியாக வந்தவருக்கு 12 மணி செக்-அவுட் என்று சொல்லலாம். அந்த வரி பதிவின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். பணம் கட்டுவதற்கு முன் லாட்ஜுக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது மேல்.

ரூம் எடுத்த பிறகும் ஒரு வேலை பாக்கி. ஆதார் ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு, அட்வான்ஸ் ரசீதில் தேதியை மட்டும் கிறுக்கித் தந்தால், சாவி வாங்கிய மணியையும் நிமிடத்தையும் எழுதச் சொல்ல வேண்டும். மறுநாள் சாயங்காலம் கவுண்டரில் வேறு ஆள் இருப்பார்.