நாடாக் கட்டையில் ஒரு வான்கப்பல்

பிளாஸ்டிக் விமானக் கிட் ஒன்றை ஒட்டி முடித்த பிறகும் டப்பாவில் கணிசமான சாமான் மிஞ்சும். ஒரே அச்சில் இரண்டு மூன்று வகை விமானங்களுக்கான உருப்படிகளை வார்த்து அனுப்பிவிடுகிறார்கள். நாம் கட்டுவது ஒன்றைத்தான். மிஞ்சியதைத் தாளில் கொட்டிப் பார்த்தால் அனேகமாக எல்லாமே ஆயுதம். குண்டு, ஏவுகணை, துப்பாக்கிக் குழல், இறக்கைக்கு அடியில் குண்டைத் தொங்கவிடும் கொக்கி. உட்கார ஒரு நாற்காலி, எட்டிப் பார்க்க ஒரு சன்னல் என்று எதுவும் மிஞ்சி நான் கண்டதில்லை. சிங்கப்பூரில் வேலையிலிருக்கும் அக்கா மகன் லீவுக்கு வந்தால் திண்ணையில் உட்கார்ந்து கட்டுவான். கட்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை “மாமா, நீங்க வெச்சுக்குங்க” என்று விட்டுவிட்டுப் போவான். எங்கள் வீட்டு பிஸ்கட் டின் ஒன்று அப்படித்தான் ஆயுதக் கிடங்கானது.

இத்தனை குண்டையும் வைத்து யாரையும் கொல்லாத ஒன்றைக் கட்டலாமே என்றுதான் பயணிகள் வான்கப்பலில் இறங்கினேன். உலகத்தில் எங்கும் இல்லாத கப்பல். எங்கள் பள்ளிபாளையத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு காவிரியோடு கீழே போகிற கப்பல்.

மிச்சச் சாமானை வைத்து உலகில் இல்லாத வாகனத்தைக் கட்டுவது சினிமாக்காரர்களுக்குப் பழக்கமான வேலை. 1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ விண்கலங்களின் மேல்தோலில் ஒட்டியிருப்பவை கடையில் விற்ற டாங்கி, போர்க்கப்பல் கிட்களின் உருப்படிகள். நம் பக்கத்துச் சங்கதி இன்னும் பழசு. 1910-ல் மெட்ராஸில் ஓட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்ற கார்சிகாக்காரர், தானே வரைந்த விமானத்தைக் குதிரை வண்டியும் மோட்டார் வண்டியும் கட்டிக்கொண்டிருந்த சிம்சன் பட்டறையில் கொடுத்துக் கட்டச்சொல்லி, பறந்தும் காட்டினார். தீவுத்திடலில் ஜனம் காசு கொடுத்துப் பார்த்தது. அவர் ஊரில் வண்டிப் பட்டறை இருந்தது. எங்கள் ஊரில் இருப்பது தறிப் பட்டறை.

ஆகவே கப்பலின் உடம்புக்கு நான் கிட் எதையும் தேடவில்லை. விசைத்தறியில் பாவுக்கு ஊடே இங்கும் அங்கும் பாய்கிற நாடா, இருபுறமும் கூர்ந்து, முனைகளில் இரும்புக் குப்பி மாட்டிய கெட்டி மரக்கட்டை. அதன் நடுவில் நூல் சுற்றிய தார் வைக்கும் பள்ளத்தை மறந்துவிட்டுப் பார்த்தால் வான்கப்பல்தான். நாடா இல்லாத ரேப்பியர் தறிகள் வரவர, பழைய நாடாக்கள் பழைய இரும்புக் கடைகளில் வந்து விழுகின்றன. கையில் ஒன்றை எடுத்துப் புரட்டியபோது கடைக்காரர், “ஏனுங்ணா, எந்தத் தறிக்குங்க?” என்றார்.

“தறிக்கில்லீங்க, ஆகாசக் கப்பலுக்கு.”

அவர் சிரிக்கவில்லை. “அப்ப உள்ள இருக்கற ஸ்பிரிங்கு உங்களுக்கு வேண்டாமில்லீங்க? அதக் கழட்டிக்கறேன்” என்று திருப்புளியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஓடி ஓடி அடிப்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. பக்கவாட்டில் நூல் வெளியேறுவதற்கு ஒரு பீங்கான் கண். பீங்கானுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை ஒட்டிய மரத்தில் நூல் அறுத்த கோடு மட்டும் ஊசி நுனி ஆழத்துக்கு இறங்கியிருந்தது. பஞ்சு நூல் மரத்தை அறுக்கிறது என்றால் எத்தனை ஆயிரம் மீட்டர் லுங்கி அந்த வழியாகப் போயிருக்க வேண்டும்!

நீளம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். அறுநூறில் ஒரு பங்கு என்று அளவை வைத்தால் நிஜக் கப்பல் 240 மீட்டர். ஜெர்மானியரின் ஹிண்டன்பர்க் 245 மீட்டர், ஆங்கிலேயரின் ஆர்-101 சுமார் 237 மீட்டர். தேடிப் பிடித்தாலும் இப்படி அமையாது. ஆனால் நாடா ஒல்லி. அதன் நாலரை சென்டிமீட்டர் அகலம் 27 மீட்டர்தான் ஆகிறது. ஹிண்டன்பர்க்கின் குறுக்களவோ 41 மீட்டர். 1900-ல் பறந்த முதல் ‘செப்பலின்’ வான்கப்பல் 128 மீட்டர் நீளத்துக்குப் பன்னிரண்டு மீட்டர்கூடப் பருமன் இல்லாத கோல். நீளத்துக்கேற்ற பருமன் இல்லாவிட்டால் நடுவில் வளையும் என்று கண்டுதான் பிற்பாடு கொழுகொழுவென்று கட்டினார்கள்.

எனவே நோட்டு அட்டையில் வட்டங்கள் வெட்டி, நடுவில் நாடா நுழையத் துளையிட்டு, வரிசையாகக் கோத்தேன். மூக்கிலிருந்து வால் வரை வட்டங்களின் விளிம்பைத் தொட்டபடி கஞ்சி போட்ட பாவு நூலை இழுத்துக் கட்டினேன். சாதா நூல் தொய்யும், கஞ்சி நூல் கம்பியாக நிற்கும். மேலே மெல்லிய டிஷ்யூ தாள். தண்ணீரைப் புகையாகத் தெளித்துக் காயவிட்டால் தாள் இழுத்துக்கொண்டு விறைக்கும், நூலோடிய இடம் மட்டும் வரிவரியாகப் புடைத்து நிற்கும். அசல் கப்பலிலும் இதே கதைதான்: அட்டைக்குப் பதில் டுராலுமின் என்ற அலுமினியக் கலப்பு உலோகத்தில் வளையம், நூலுக்குப் பதில் டுராலுமின் உத்திரம், தாளுக்குப் பதில் பருத்தித் துணி. பீங்கான் கண் உள்ளே மறைந்துபோனதில் எனக்கு வருத்தம் உண்டு.

கடைசியில் கேட்டுக்கு அடிக்கிற சில்வர் பெயிண்ட். இது அழகுக்காக அல்ல. அசல் கப்பல்களில் துணி மேல் பூசிய மருந்தில் அலுமினியப் பொடி கலந்தார்கள், வெயிலைத் திருப்பி அடிக்க. வெயில் உள்ளே இறங்கினால் வாயு சூடேறி விரியும், விரிந்ததை வெளியே விட வேண்டிவரும், சாயங்காலம் குளிர்ந்ததும் கப்பல் கனத்துப் போகும்.

இப்போது குண்டுகள். எழுபத்திரண்டில் ஒரு பங்கு விமானத்துக்கு வந்த சிறு குண்டு ஒன்றேகால் சென்டிமீட்டர் இருக்கும். என் அளவில் அது ஏழெட்டு மீட்டர். வால் தகட்டை அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, பின்னால் பாதியில் விட்ட போர்க்கப்பல் கிட்டின் சுழல்விசிறியை ஒட்டினால் இன்ஜின் கூடு தயார். பக்கத்துக்கு இரண்டாக நான்கு. போர் விமான வால்கள் கப்பலுக்கும் வாலாயின. வரலாறு எதிர்த்திசையில் போயிருக்கிறது. 1909-ல் தொடங்கிய ‘டெலாக்’தான் உலகின் முதல் விமானப் போக்குவரத்துக் கம்பெனி. 1910 முதல் 1914 வரை சுமார் 34,000 பேரை செப்பலின்களில் ஏற்றி இறக்கியது, பயணி ஒருவருக்கும் சேதமில்லாமல். மறு வருஷமே அதே வகைக் கப்பல்கள் லண்டன் மேல் குண்டு போட்டன. அந்தக் குண்டை இன்ஜினாக்குவதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

நம்மவர்களின் கற்பனையில் இந்தக் குணம் முன்பே இருந்தது. சீவக சிந்தாமணியின் மயிற்பொறி சண்டைக்குச் செய்ததல்ல. கர்ப்பிணி ராணி ஒருத்தி தப்பிப்பதற்காக அரசன் செய்யச்சொன்னது. வலப்பக்கம் திருகினால் ஏறும், இடப்பக்கம் திருகினால் இறங்கும். ஓட்டியதும் அந்த ராணி விசயைதான். இறங்கிய இடம் சுடுகாடு என்பது வேறு விஷயம்.

பயணிகள் இருக்கும் பகுதிக்குத்தான் அதிக நேரம் செலவானது. இந்த அளவில் ஒரு ஆள் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. சன்னல் சரியாக அமையாவிட்டால் 240 மீட்டர் கப்பல் பார்ப்பவர் கண்ணுக்குப் பொம்மையாகச் சுருங்கிவிடும். ஊடையை அடித்து நெருக்குகிற தறி அச்சில் ஒரு துண்டு வெட்டினேன். ஒரே சீராக, முடி இடைவெளியில் நிற்கும் கம்பிகள். வயிற்றின் இரு பக்கமும் சாய்வாகப் பதித்ததும் உலாவுகிற தாழ்வாரத்தின் சன்னல் வரிசை வந்துவிட்டது. ஹிண்டன்பர்க்கிலும் சன்னல்கள் இப்படிச் சாய்ந்துதான் இருந்தன, கீழே பார்ப்பதற்கு. உள்ளே சாப்பாட்டு அறை, அலுமினியத்தில் செய்த பியானோ, காற்றுப் புகாத இரட்டைக் கதவு வைத்த புகை பிடிக்கும் அறை. தீப்பெட்டியை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சுற்றிலும் ஹைட்ரஜன் அல்லவா! ஹீலியத்துக்கென்று வடிவமைத்த கப்பல் அது. 1927-ல் போட்ட சட்டத்தால் அமெரிக்கா ஹீலியத்தை வெளியே விடவில்லை. 1937 மே 6 அன்று லேக்ஹர்ஸ்டில் எரிந்து 36 பேர் இறந்தார்கள்.

என் கப்பலில் ஹீலியம். கற்பனையில் கஞ்சத்தனம் எதற்கு? ஆனால் கணக்கில் பொய் சொல்லக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். உருப்படிகள் எல்லாம் வேஷம் போட்டவை. கணக்காவது வேஷம் போடாமல் இருக்கட்டும். ஹிண்டன்பர்க்கைப் போல 2 லட்சம் கன மீட்டர் வாயு. கன மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் தூக்கும். மொத்தம் 210 டன். பெரும்பகுதி சட்டத்துக்கும் இன்ஜினுக்கும் எரிபொருளுக்கும் போய்விடும். ஹிண்டன்பர்க் ஏற்றியது முதலில் 50 பயணிகள், பிறகு 72. காலையில் ஈரோட்டிலிருந்து திருச்செங்கோடு போகும் ஒரு டவுன் பஸ் கூட்டம்தான்!

இந்த 210 டன் என்பது 15 டிகிரிக் குளிரில். சூட்டில் காற்று லேசாகிவிடும், தூக்கும் பலமும் குறையும். நம் சித்திரை மாதத்து 40 டிகிரியில் எட்டு சதவீதம் போச்சு. கிட்டத்தட்ட 17 டன். 72 பேரும் மூட்டை முடிச்சும் சேர்ந்தால்கூட ஏழெட்டு டன்தான். அதாவது ஒரு பள்ளிபாளையத்து மத்தியானம், கப்பலில் உள்ள அத்தனை பேரையும்போல் இரண்டு மடங்கைத் தின்றுவிடுகிறது.

இந்தியாவின் வெயில் ஒரு நிஜக் கப்பலை, அது இங்கே வந்து சேருமுன்பே பாதித்திருக்கிறது. ஆர்-101 அன்றைய இந்தியாவின் கராச்சிக்கு ஓட்டக் கட்டியது. வெப்ப நாட்டில் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும் என்று பயந்து டீசல் இன்ஜின் வைத்தார்கள். அவை எதிர்பார்த்ததைவிட கனத்துப் போயின. தூக்கும் பலம் போதாமல் 1930-ல் கப்பலை நடுவில் வெட்டி, ஒரு துண்டைச் சேர்த்து நீட்டினார்கள். உள்ளே வாயுப் பைகள் மாட்டுக் குடல் சவ்வில் செய்தவை, லட்சக்கணக்கான மாடுகள். அக்டோபர் 4 மாலை கார்டிங்டனில் கிளம்பியது. விமானத் துறை மந்திரி தாம்சனும் உள்ளே இருந்தார். விடிவதற்குள் பிரான்சில் போவே ஊருக்குப் பக்கத்தில் விழுந்து எரிந்தது. 54 பேரில் 48 பேர் போனார்கள். கராச்சியில் கட்டிய பிரம்மாண்டக் கொட்டகைக்குள் ஒரு கப்பலும் நுழையவே இல்லை. கனடா போய்ப் பத்திரமாகத் திரும்பிய அதன் ஜோடிக் கப்பல் ஆர்-100-ஐயும் உடைத்துப் பழைய உலோகமாக விற்றார்கள். எங்கள் ஊர்ப் பழைய இரும்புக்கடைக்காரர் இருந்திருந்தால் ஸ்பிரிங்கை முதலில் கழற்றியிருப்பார்.

ஆகவே என் கால அட்டவணை இப்படி: விடிகாலை நாலு மணிக்குப் பள்ளிபாளையம், கொடுமுடி, கரூர், திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம். ஆறு இறங்குகிற வழியிலேயே போனால் மலை குறுக்கே வராது. ஆடியில் சர்வீஸ் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் இவ்வளவு பெரிய உடம்பைக் கம்பத்தில் கட்டி வைக்க முடியாது.

பக்கத்துத் தறிப் பட்டறை மேஸ்திரி வந்து கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நாடாவை அடையாளம் கண்டுகொண்டவர், அதைப் பற்றிக் கேட்காமல், “மே மாசம் ஏற்காட்டுக்குப் போகுமுங்களா?” என்றார். அங்கே காற்று லேசுங்க, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஏறுவதற்கு எட்டில் ஒரு பங்கு வாயுவைக் குறைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும், இருபத்தாறு டன் போய்விடும், அதோடு மே மாத வெயில் வேறு என்று விளக்கினேன்.

“அப்ப எப்பத்தானுங்க போகும்?”

“மார்கழியில, விடியக்காலம், பாதி டிக்கெட்டோட.”

“மார்கழியில ஏற்காட்டுல பல்லு கிட்டிக்குமுங்க” என்றவர், கரூரில் கப்பல் எங்கே நிற்கும், மாமியார் வீடு ஆத்தோரந்தான் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.