கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது?

லண்டன் ஏலக் கடைகளில் பழுப்பேறிய காகிதங்கள் விலைபோகின்றன. 18ஆம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் மந்திரிகளும் கவர்னர்களும் கையெழுத்துப் போட்ட காகிதங்கள். பிட், டண்டாஸ், கிளைவ் என்று பேருக்கொரு விலை! பணம் படைத்த சீமான்கள் அவற்றை வாங்கிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி, வருகிறவர்களுக்குக் காட்டி மகிழ்கிறார்கள். நாகரிகமான பொழுதுபோக்காம்!

பொழுது போக்கட்டும். நாம் கேட்பது ஒன்றே: கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது?

இலத்தூர் வயலில் நாற்று நடுகிறவருக்கும், பாபநாசம் ஆலையில் உழைத்தவருக்கும் இக்கேள்வி புதிதல்ல. வட்டிக்கடைக்காரன் நீட்டிய தாளில் கைநாட்டு வைத்த பரம்பரை நம்முடையது. மேலே எழுதியிருப்பதுதான் குடியைக் கெடுக்கும் என்பது நாம் பட்டறிந்த பாடம்.

பால் பென்ஃபீல்டு என்றொருவன். சென்னையில் கம்பெனிச் சம்பளம் வாங்கியவன். ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்து, 1776இல் தஞ்சாவூர் வரிப்பணத்தின் மீதும், வயலில் நின்ற பயிரின் மீதும் உரிமை கொண்டாடினான். கேட்ட தொகை 2 இலட்சத்து 34 ஆயிரம் பவுன்! சம்பளக்காரனுக்கு இவ்வளவு பணம் ஏது? மறுத்த கவர்னர் பிகட்டை அவருடைய சொந்தக் கவுன்சிலே கைதுசெய்தது. 1777இல் அவர் காவலிலேயே மாண்டார். பென்ஃபீல்டோ 1780இல் பார்லிமெண்டு மெம்பர் ஆனான்!

1784இல் பிட்டின் மந்திரிசபை, நவாபின் கடன்களைச் சோதித்துப் பார்க்காமலே தீர்க்க உத்தரவிட்டது. ஆண்டுக்கு 12 இலட்சம் வராகன் ஒதுக்கப்பட்டது. இது கொள்ளை என்று 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் பார்லிமெண்டிலேயே முழங்கினார். மெஜாரிட்டி அவரைத் தோற்கடித்தது. கடனை அடைத்தது யார்? கர்நாடகச் சீமையில் ஏர் பிடித்தவன்!

அந்த வரிக்கொடுமை நம் பக்கத்துக்கும் வந்தது. நவாபுக்காக வரி கேட்டு 1755இல் கர்னல் ஹெரான் படையோடு வந்தபோதே நெற்கட்டும்செவல் பூலித்தேவன் மறுத்து நின்றார். 1792இல் கார்ன்வாலிஸ் செய்த உடன்படிக்கை, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரத்தைக் கம்பெனிக்குக் கொடுத்தது. அதன் முடிவு, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குத் தூக்கு. 1801 டிசம்பர் 1 அன்று கவர்னர் எட்வர்டு கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன், பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்கும் பிரகடனத்தை வெளியிட்டான். இந்தக் கையெழுத்துக்களா அழகுப் பொருள்கள்?

அதே 1801 ஜூன் மாதத்தில் இன்னொரு காகிதம் உண்டு. மருதிருவர் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் சுவரிலும் ஒட்டிய அறிக்கை. வெள்ளையனை எதிர்த்து எல்லாச் சாதியாரும் ஒன்றுசேர அழைத்த அறிக்கை. அது ஏலத்துக்காக எழுதியதல்ல. தெருவில் போகிறவன் படிக்க எழுதியது. எழுதியவர்களை அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள்.

பழைய காகிதங்களைக் காப்பாற்ற வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவை குற்றவாளியே எழுதிவைத்த வாக்குமூலங்கள். வாக்குமூலம் பிரபுவின் வரவேற்பறையில் தொங்கலாமா? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலத்துத் தஸ்தாவேஜுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றைத் தமிழாக்கி, மலிவு விலையில் அச்சிட்டு, இலத்தூர் போன்ற ஊர்களின் நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற தொழிலாளியும் படிக்கட்டும்!

சீமான்கள் கையெழுத்தைச் சேர்க்கட்டும். கணக்கை நாம் சேர்ப்போம்!